நாலு மணிச் சோர்வு

நவநீதனுக்கு வேலை கிடைத்த செய்தி தெருவுக்குள் வந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கிடைத்த வேலையே தூங்குவதுதான்.

அவன் பி.இ. படித்தவன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தில் கச்சிதமாகக் கண்விழிப்பதைத் தவிர வேறெந்தத் துறையிலும் அவன் தேர்ச்சி காட்டியதில்லை. நேர்முகத் தேர்வில் ‘உங்கள் பலம் என்ன’ என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான். பல கம்பெனிகள் அந்த உண்மையைத் தாங்க முடியாமல் அவனை வெளியே அனுப்பின. ஒன்று மட்டும் ‘எப்போது சேர்கிறீர்கள்’ என்று கேட்டது.

இதை அக்கம்பக்கத்தில் எப்படிச் சொல்வதென்று அவன் அம்மா மயிலாத்தாளுக்குத் தெரியவில்லை.

“பையனுக்கு என்ன வேலைங்க்கா?” என்றாள் எதிர்வீட்டு ஈஸ்வரி.

“எக்ஸிக்யூட்டிவ்.”

“என்ன எக்ஸிக்யூட்டிவ்?”

“ரெஸ்ட்டு.”

ஈஸ்வரி யோசித்தாள். “ரெஸ்ட்டு சரிங்க்கா. வேலை எப்போ?”

“அதான் வேலையே.”

கம்பெனியின் பெயர் பூங்காற்று நிட்ஸ். உள்ளே காற்று அவ்வளவாக வராது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்கள் நாளை ஷிப்டால் அளப்பவர்கள். சாதாரண நாளுக்கு ஒன்றரை ஷிப்ட், கப்பல் காத்திருக்கிற வாரத்தில் இரண்டு. ஒரு நாளுக்குள் எப்படி ஒன்றரை நாள் வேலை அடங்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் கேட்க நேரமிருக்காது.

இந்த ஷிப்டுகளில் ஆட்கள் துவளாமல் இருக்க, முதலாளி அவிநாசியப்பன் எல்லாம் செய்து பார்த்தார். பாட்டுப் போட்டார். வாழைப்பழம் கொடுத்தார். மூச்சுப் பயிற்சிக்கு ஒருவரை வரவழைத்தார். ஆழமாக மூச்சுவிட்டதில் பாதிப்பேர் தூங்கிப்போனார்கள். உற்சாகப் பேச்சாளர் ஒருவர் வந்து பேசினார், மீதிப்பேர் தூங்கினார்கள். கடைசியில்தான் பொட்டு வந்தது. பிடரியில் ஒட்டிக்கொள்கிற, தாளிப்பில் தெறித்த கடுகைப்போல் கறுப்பாக இருக்கிற சின்ன வில்லை. அதை ஒட்டியவர்களுக்குச் சோர்வு வராது. காலையில் வந்த முகத்தோடு மாலையில் வீட்டுக்குப் போவார்கள்.

“அப்ப அந்தச் சோர்வெல்லாம் எங்க மேடம் போகுது?” என்று சேர்ந்த அன்றே கேட்டான் நவநீதன்.

ஓய்வுக் கூடத்துக்குப் பொறுப்பாளர் ஜெசிந்தா. பொட்டு இயந்திரத்தில் யாருக்கு யார் என்று ஜோடி சேர்ப்பவர். தூத்துக்குடிக்காரர்; சிரிப்பதானாலும் காரணம் கேட்டுவிட்டுத்தான் சிரிப்பார்.

“சோர்வை அழிக்க முடியாது தம்பி. குறைக்கவும் முடியாது. எடம் மாத்தலாம், அவ்வளவுதான். சாயப்பட்டறைத் தண்ணி மாதிரி. ஏதாவது ஆத்துல விட்டாகணும்.”

“அப்ப நான்தான் ஆறுங்களா?”

“ரெஸ்ட் எக்ஸிக்யூட்டிவ்,” என்று திருத்திய ஜெசிந்தா அவன் பிடரியில் பொட்டை ஒட்டினார். “ஒருத்தர் சோர்வு ஒருத்தருக்கு. வலி, அசதி, போதும்டா சாமிங்கிற நெனப்பு, எல்லாம் சேர்ந்துதான் வரும். படுத்துத் தூங்கிட வேண்டியது. யாரோடதுன்னு கேக்கக் கூடாது. தேடிப் போகக் கூடாது. தெரிஞ்சா பிரச்சினை.”

“என்ன பிரச்சினைங்க மேடம்?”

“பாசம் வந்துரும்.”

கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், குளிர்சாதனம், நீலத் திரை. பக்கத்துக் கட்டிலில் பெரியதம்பி என்று ஒருவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வாழ்நாள் முழுக்க நின்றவருக்குப் படுக்கச் சம்பளம் தருகிறார்கள் என்றதும் ஓடிவந்துவிட்டார்.

“என் ஆளு அயர்ன் மாஸ்டர்,” என்றார் சாப்பாட்டு நேரத்தில். “மேடம் சொல்லல, தோள்பட்டை சொல்லுது. முந்தாநேத்து வூட்டுல சண்டை போலிருக்குது, நேத்து தாடையெல்லாம் வலி. நானும் ராத்திரி பூரா எம்பட பொண்டாட்டி கூடப் பேசல.”

“நீங்க ஏனுங்ண்ணா பேசல?”

“அவனுக்கு ஒரு ஆதரவு வேணுமில்ல கண்ணு.”

பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார். “ஒண்ணு நெனவுல வெச்சுக்க. ஒடம்பு அங்கதான் தேயுது. தேயற சத்தம்தான் இங்க கேக்குது.”

நவநீதன் முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தான். குதிகால்கள் முதலில் வந்தன. பிறகு வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், கத்திரியை விடாமல் பிடித்திருந்த மாதிரி. நின்றுகொண்டே கத்திரி பிடிப்பவர்கள் என்றால் செக்கிங் மேசைதான். தைத்த பனியனில் பிசிறு வெட்டுகிற இடம். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் பெண்கள். அவனுக்குத் தூக்கம் கொஞ்சம் தாமதமாக வந்தது.

நாலு மணிக்கு ஒரு விசேஷம் நடந்தது. தூக்கத்தின் நடுவில், டீ வேண்டும் என்று உடம்பு முழுக்க ஓர் ஏக்கம். நவநீதன் பிறந்ததிலிருந்து டீ குடித்ததில்லை. ஆனாலும் எழுந்து, கேட்டுக்கு வெளியே இருந்த பேக்கரிக்கு நடந்துபோய், “ஸ்ட்ராங்கா, சக்கரை கம்மியா ஒண்ணுங்க,” என்று தன் வாய் சொல்வதைக் கேட்டான்.

கம்பெனிக்குள் டீ கிடையாது. பொட்டு வந்த கையோடு முதலாளி டீ நேரத்தை எடுத்துவிட்டார். “அசதி இருக்கறவனுக்குத்தான டீ? அசதியே இல்லீன்னா டீ எதுக்கு?” என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் எல்லாரும் கைதட்டினார்கள். டீ நேரம் போனதோடு இன்னும் சிலதும் போயின. யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல், யாருக்கு வரன் பார்க்கிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் யாருக்கும் தெரியாமல் ஆயிற்று. ஆட்கள் தெம்பாக வந்து, தெம்பாக வேலை பார்த்து, தெம்பாகவே ஒருவரையொருவர் தெரியாமல் வீட்டுக்குப் போனார்கள்.

முதலாளி மட்டும் பொட்டு வைத்துக்கொள்வதில்லை என்பார்கள். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு, காதில் போன், கையில் எதையாவது நோண்டியபடி காலையிலிருந்து இரவு வரை தளத்தைச் சுற்றிவருவார். அவருடைய போன் குரல் தையல் இயந்திரங்களுக்கு மேலே எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். “நானெல்லாம் அந்தக் காலத்து ஒடம்பு. சோர்வுங்கறது மனசுலதானுங்க இருக்குது,” என்பார்.

ஒரு வாரம் கழித்து ஜெசிந்தா நவநீதனைக் கூப்பிட்டார். “நீ மட்டும் பொட்டைக் கழட்டாம வீட்டுக்குப் போ. தனியா படி உண்டு.”

அவனும் ஒட்டிக்கொண்டு போனான். கம்பெனி முடிந்தும் சோர்வு நிற்கவில்லை. இரவுச் சாப்பாடு வரை வந்தது; விடிவதற்குள் மறுபடி வந்தது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயும் ஓயாமல் பாடுபடுகிற ஜீவன் இந்த ஊரில் பெண்ணைத் தவிர வேறு யார்? சமைக்கிறாள், துவைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள் என்று முடிவு கட்டினான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வேறு மாதிரி ஒன்று வரும். வேலை செய்த அசதி இல்லை. யாருக்காகவோ காத்திருந்து, அவர்கள் வராத அசதி. அதை வாங்கிக்கொண்டு படுக்கும்போது, முகம் தெரியாத அவளுக்கு மனசுக்குள் வளையல் போட்டுப் பார்த்தான். பெயர்கூட வைத்துப் பார்த்தான்.

வெளியே மயிலாத்தாள் தெருப் பையன்களை விரட்டினாள். “அக்கட்டால போயி வெளையாடுங்கடா. அண்ணன் ஓவர்டைம் பாக்குறான்.”

ஜெசிந்தா சொன்ன பிரச்சினை வந்தேவிட்டது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்தச் சோர்வு மாறியது. தூங்கி எழுந்தாலும் தீரவில்லை. இடது கை ஈரத்துணி மூட்டைபோல் கனத்தது. மார்பின் மேல் யாரோ சம்மணம்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் எங்கோ மாடி ஏறுகிற நேரங்களில் அவர்கள் இன்னொருவரையும் மடியில் உட்காரவைத்துக்கொண்டார்கள். நவநீதன் கட்டிலில் படுத்தபடியே மூச்சு வாங்கினான். கம்பெனி டாக்டர் அவனைப் பரிசோதித்துவிட்டு, இவ்வளவு ஆரோக்கியமான ஆளை அண்மையில் பார்க்கவில்லை என்றார். பார்க்க வாய்ப்பில்லைதான், வேலையே செய்யாத உடம்பு.

அவன் ஜெசிந்தாவிடம் போனான். “மேடம், என்னோட ஆளுக்கு ஒடம்பு சரியில்லைங்க. நெஞ்சுல ஏதோ இருக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

ஜெசிந்தா கணினியைப் பார்த்தார். “உன் ஆளு இந்தக் கம்பெனியிலயே நம்பர் ஒண்ணு. பம்பரமா சுத்துறாங்க. நல்லா இருக்காங்க.”

“நல்லா இருக்கறது எனக்கும் தெரியுங்க மேடம். நல்லா இல்லாததெல்லாம் எங்கிட்டத்தான இருக்குது.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் போய்ச் சொன்னா நம்புவாங்கன்னு நெனைக்கிறியா? ஒரு தடவை சாடையா சொல்லிப் பாத்தேன். குதிச்சுக் காட்டுறாங்க. நீ போய்ப் படு.”

நவநீதன் போய்ப் படுத்தான். தூக்கம் வரவில்லை, அவன் வாழ்க்கையில் அது முதல் தடவை. யாரோ ஒரு மனுஷி சாகப்போகிறாள். அது அவளுக்குத் தெரியாது. உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவள் யார் என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில், செக்கிங் மேசைக் கோகிலவாணிக்கு எதிரே போய் உட்கார்ந்தான். எல்லாரையும்விட வேகமாகப் பிசிறு வெட்டுகிறவள், வேகமாகச் சாப்பிடுகிறவளும்கூட.

“ஏனுங்க, உங்களுக்கு எடது கை வலிக்குதுங்களா?”

“இல்லீங்களே. என்னுங்க, கைரேகையா?”

“நெஞ்சு கனமா இருக்குதுங்களா?”

அவள் சோற்றுக் கையை நிறுத்தி அவனைப் பார்த்தாள். “தூங்கற டிபார்ட்மெண்டுக்காரரா நீங்க?”

“ஆமாங்க.”

“கனவுல என்னவோ பாத்துட்டு வந்துருக்கறீங்க. போயி மொகத்தக் கழுவுங்க.”

அவள் எழுந்துபோன பிறகுதான் அவனுக்குத் தன் முட்டாள்தனம் உறைத்தது. பொட்டு ஒட்டியவர்களில் யாரைக் கேட்டாலும் வலி இல்லை என்றுதான் சொல்வார்கள். வலி இருக்கிறவளும் அதையேதான் சொல்வாள். மற்றவர்களைவிடச் சிரித்த முகமாகச் சொல்வாள். கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

பெரியதம்பி ஊறுகாயை நக்கிக்கொண்டே வழி சொன்னார். “ஆத்துல தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரியணும்னா என்ன பண்ணோணும்? அணையச் சாத்தோணும். திரும்பி எங்க தேங்குதுன்னு பாரு.”

“பொட்டக் கழட்டச் சொல்றீங்களாண்ணா?”

“நான் ஒண்ணும் சொல்லலப்பா. நான் தூங்கிட்டு இருக்கறேன்.”

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், டீ ஏக்கம் கிளம்புகிற நேரத்தில், நவநீதன் தளத்துக்கு மேலே போகிற இரும்புப் படியில் ஏறி நின்றான். கீழே தளம் முழுக்கத் தெரிந்தது. தையல் இயந்திரங்கள் தடதடத்தன. செக்கிங் மேசையைச் சுற்றிக் கத்திரிகள் பறந்தன. எங்கிருந்தோ முதலாளியின் போன் குரல், கொச்சி, கப்பல், வெள்ளிக்கிழமை என்று ஓடிக்கொண்டிருந்தது. நவநீதன் கோகிலவாணியின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு, பிடரியிலிருந்து பொட்டை உரித்தான்.

மார்பின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். இடது கை காற்றாக மிதந்தது.

கோகிலவாணி ஒரு நூலை ஊதிவிட்டு அடுத்த பனியனை எடுத்தாள். அவள் இல்லை. பக்கத்தில் இருந்தவளும் இல்லை. மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாரும் காலைப் பூ மாதிரி இருந்தார்கள்.

அப்போதுதான் ஏதோ ஒன்று குறைந்திருப்பது காதில் பட்டது. போன் குரல் நின்றுபோயிருந்தது.

மேசையின் கோடியில், துணிக் கட்டின் மேல், முதலாளி அவிநாசியப்பன் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் போன். இன்னொரு கையில் பிசிறுக் கத்திரி. சின்ன வயதில் பிசிறு வெட்டி மேலே வந்த மனிதர், போன் பேசும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் மேசையோரம் நின்று வெட்டிக்கொண்டேயிருப்பவர். கத்திரி நழுவிக் கீழே விழுந்தது. கழுத்துத் துண்டும் நழுவியது. பிடரியில் கறுப்பாகப் பொட்டு.

நவநீதன் இத்தனை மாதமும் மனசுக்குள் வளையல் போட்டுப் பார்த்தது, இந்த மீசைக்காரருக்கு.

வெட்கப்பட அவகாசமில்லை. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு மனுஷன் அசந்து உட்காருவதை அந்தத் தளத்தில் யாரும் பார்த்து வெகுகாலமாயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றி நின்றார்கள்.

“மொதலாளி ஒக்காந்துட்டாருங்க,” என்றார் ஒருவர், விளக்கம் சொல்கிற மாதிரி.

அவிநாசியப்பன் வேர்த்துப்போன முகத்தைத் தூக்கினார். ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பு திரும்பக் கிடைத்த ஆள், அது கேட்டதை அப்படியே சொன்னார்.

“ஒரு டீ சொல்லுங்கப்பா.”

கம்பெனியில் டீ இல்லை. டீ சொல்ல ஆள் இல்லை. இரண்டையும் எடுத்தவர் அவர்தான்.

ஜெசிந்தா ஓடிவந்தார். படியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நவநீதனின் கையில் பொட்டைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. “ஒட்டு தம்பி. ஒடனே ஒட்டு. சரியாயிருவார்.”

“ஒட்டுனா எந்திரிச்சுருவாருங்க மேடம். அதான் பயமா இருக்குது.”

“ஒட்டுடா,” என்றார் முதலாளி, மூச்சுக்கு நடுவில். “வெள்ளிக்கெழம கப்பலு. சித்த நேரம் ஒட்டு. அப்புறம் பாத்துக்கலாம்.”

பொட்டு நவநீதனின் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டினால் வேலை மிஞ்சும், படி மிஞ்சும், அம்மாவுக்குத் தெருவில் மரியாதை மிஞ்சும். முதலாளிகூட எழுந்து நடப்பார். எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. அவன் அதை இரண்டாக மடித்து, கீழே கிடந்த கத்திரியை எடுத்து, குறுக்கே வெட்டினான்.

“அண்ணா, காரை எடுக்கச் சொல்லுங்க,” என்றான் பெரியதம்பியிடம். அவர் எப்படியோ தூக்கத்திலிருந்து எழுந்து அங்கே வந்து நின்றிருந்தார்.

கோகிலவாணி யாரையும் கேட்கவில்லை. கேட்டைத் தாண்டி ஓடி, பேக்கரியிலிருந்து ஒரு டம்ளரைப் பொத்திக்கொண்டு வந்தாள். அதற்குள் கார் கிளம்பிவிட்டது. டீ அவள் கையிலேயே ஆறியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. இன்னும் கொஞ்ச நேரம் தெம்பாக இருந்திருந்தால், மனுஷன் தெம்பாகவே போயிருப்பார்.

நவநீதனை வேலையிலிருந்து நீக்கி ஜெசிந்தா அனுப்பிய மின்னஞ்சலில் காரணம் சுருக்கமாக இருந்தது: பணி நேரத்தில் விழித்திருந்தது.

நவநீதன் பார்க்கப் போனபோது அவிநாசியப்பன் தலையணையில் சாய்ந்திருந்தார். மீசை கொஞ்சம் கீழிறங்கியிருந்தது.

“நீதானா அது?”

“நானுங்க.”

“நல்லாத் தூங்குனயா?”

“நல்லாத் தூங்குனேனுங்க.”

அவர் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். “எம்பட அசதி எங்கூட்டு அம்மணிக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒனக்குத்தான் தெரிஞ்சிருக்குது.”

“ஞாயித்துக்கெழம பொழுதோட ஒண்ணு வருமுங்க,” என்று ஆரம்பித்தான் நவநீதன்.

“அத வெளிய சொல்லாத,” என்றார் அவர். பிறகு, “பையன் கனடாவுல இருக்கறான். ஞாயித்துக்கெழமையானா போன் பண்றேன்னு சொல்லியிருந்தான்,” என்றார், சுவரிடம் சொல்வதுபோல.

திரும்பி வந்து முதலாளி இரண்டு காரியம் செய்தார். நாலு மணி டீயைக் கொண்டுவந்தார். பொட்டு இயந்திரத்தை விற்றார். உடைத்துப் போட்டிருக்கலாமே என்று கேட்டவர்களை அவர் பார்த்த பார்வையில், வாங்கின விலை தெரிந்தது. அவரிடமிருந்து அதை வாங்கியது நாமக்கல் பக்கம் ஒரு கோச்சிங் சென்டர். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காம். பெரியதம்பி இயந்திரத்தோடு அங்கேயே போய்ச் சேர்ந்தார். சின்னப் பசங்கதான, லேசா இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனவர், கொஞ்ச நாளில் போன் செய்தார்.

“நவநீதா, அயர்ன் மாஸ்டரே தேவலைடா. இதுகளுது தூக்கவே முடியல.” பின்னால் மணி அடிப்பது கேட்டது. “சரி, வெக்கறேன். ரெண்டாவது ஸ்டடி ஆரம்பிச்சுட்டாங்க.”

நவநீதனுக்கு முதலாளி செக்கிங் மேசையில் இடம் போட்டுக் கொடுத்தார். அங்கே ஒரே ஆண். கோகிலவாணி கத்திரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவன் முதல் நாளே ஒரு நல்ல பனியனின் கழுத்தை வெட்டினான். நாலு மணிக்கு எல்லாரும் டம்ளரோடு முற்றத்தில் நின்றபோது, அவள் பக்கத்தில் வந்தாள்.

“அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்கல்ல. கை வலிக்குதான்னு.”

“ஆமாங்க.”

“இப்ப வலிக்குதுங்க.” டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். “வலது கை. சும்மா சொல்லி வெச்சேன்.”

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு நடந்து வந்தான். குதிகால் எரிந்தது, இரண்டு விரல் மரத்துப் போயிருந்தது, முதுகில் ஏதோ ஒன்று பிடித்திருந்தது. யாருடையது இது என்று பழக்கத்தில் யோசித்தான். பிடரியைத் தடவிப் பார்த்தான். ஒன்றுமில்லை. வாசலில் செருப்பை விட்டான். காலைக் கழுவவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாயில் சாய்ந்தவன், நினைத்து முடிக்கவில்லை.

குறட்டைச் சத்தம் தெருவுக்குக் கேட்டது. எதிர்வீட்டு ஈஸ்வரி, விளையாடிக்கொண்டிருந்த தன் மகனின் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“பையன் ஓவர்டைமுங்களாக்கா?”

மயிலாத்தாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கழுவாத கால், திறந்த வாய், சட்டை முழுக்க வெள்ளை நூல்.

“இல்ல ஈஸ்வரி,” என்றாள். “சும்மாதான் தூங்கறான்.”